தமிழ் நூலுக்குத் துணையாக ஸ்லாப் செரிஃப்: தேர்விலிருந்து அச்சு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மணிவிழா மலர், கும்பாபிஷேக மலர், குடும்ப வரலாறு என்று காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் பக்க வடிவமைப்புக்கு வரும் நூல்களுக்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு. அவற்றில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில், பல சமயம் ஒரே வரியில் கலந்து வரும். ஐயா ரங்கூனில் கடை வைத்திருந்த காலத்தைப் பற்றி அப்பத்தா சொன்னவை தமிழில் இருக்கும். சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காக ஒவ்வோர் இயலின் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருக்கும். நடுவில் பர்மாவிலிருந்து வந்த பழைய கடிதங்களும், பெயருக்கு முன் வரும் விலாச எழுத்துகளும், ரூபாய்க் கணக்கும், ஆண்டுகளும் குறுக்கிடும்.

இத்தகைய நூலில் தமிழுக்கு எந்த எழுத்துரு என்று ஒரு வாரம் யோசிக்கும் நாம், ஆங்கிலத்துக்கு எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. டைம்ஸ் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. டைம்ஸ் நல்ல எழுத்துருதான். ஆனால் அதன் கோடுகள் ஓரிடத்தில் தடித்தும் மற்றோரிடத்தில் இழைபோல் மெலிந்தும் செல்பவை. தமிழ் எழுத்தோ ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்த எழுத்து. எழுத்தாணி எந்தப் பக்கம் திரும்பினாலும் கீறலின் அகலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அச்சுக்கு வந்த பிறகும் நூல் எழுத்துகளில் அந்தச் சீரான தடிமன் பெருமளவு நிலைத்துவிட்டது. எனவே ஒரே வரியில் தமிழ் கறுப்பாகவும் ஆங்கிலம் நரைத்தும் தெரிகின்றன. கோட்டின் தடிமன் அதிகம் ஏறி இறங்காத ஸ்லாப் செரிஃப் எழுத்துரு தமிழுக்கு அருகில் அமர்ந்தால் இந்த வேற்றுமை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. நான் ஸ்லாபைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இதுதான், அழகு இரண்டாவது.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் நான் வடிவமைத்த குடும்ப வரலாற்றில் ஆங்கிலப் பகுதிக்கு மிக மெல்லிய கோடுகள் கொண்ட, பார்வைக்கு நேர்த்தியான ஓர் எழுத்துருவைப் போட்டேன். திரையில் அது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பூச்சில்லாத நேச்சுரல் ஷேட் காகிதத்தில் அச்சாகி வந்தபோது, நூலுக்குப் பணம் கொடுத்த பெரியவர் ஆங்கிலப் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அச்சகத்தில் மை தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். மையில் குறை இல்லை. குறை என் தேர்வில் இருந்தது.

ஸ்லாப் என்பது எது

ரோமன் எழுத்தின் கோடு முடியும் இடத்தில் குறுக்கே நிற்கும் சிறு அடியைச் செரிஃப் என்கிறோம். வழக்கமான நூல் எழுத்துருவில் அது கூர்ந்து மெலிந்து முடியும். ஸ்லாப் எழுத்துருவில் அது தூணுக்கு அடியில் வைத்த கட்டைபோல, ஏறக்குறைய எழுத்துக்கோட்டின் தடிமனிலேயே, முனை வெட்டப்பட்டு நிற்கும். நம் வீடுகளில் தேக்குத் தூணுக்கு அடியிலுள்ள கல் பீடத்தை நினைத்துக்கொண்டால் வடிவம் உடனே பிடிபடும்.

இந்த எழுத்து நூலுக்காகப் பிறந்ததன்று. 1810-களில் லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் இதை வார்த்து வெளியிட்டபோது, சுவரொட்டிகளும் விளம்பரத் தாள்களும்தாம் அதற்கு வேலை கொடுத்தன. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புக்குப் பின் எகிப்து என்ற சொல்லே நாகரிகமாகிவிட்ட காலம் அது. எழுத்துக்கும் எஜிப்ஷியன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1845-இல் ராபர்ட் பெஸ்லி கிளாரண்டன் என்ற வகையைப் பதிவு செய்தார். அதில் கட்டைக்கும் தூணுக்கும் இடையே சிறு வளைவு இருந்தது. தடிமனும் சற்றே ஏறி இறங்கியது. அகராதிகளில் தலைச்சொல்லைத் தனித்துக் காட்ட அது பெரிதும் பயன்பட்டது. பதிவின் பாதுகாப்பு 3 ஆண்டுகளே என்பதால், அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் தாராளமாக நகலெடுத்தன.

நமக்குப் பாடம் தருவது அடுத்த கட்டம். 1920-களில் லைனோடைப் நிறுவனம் நாளிதழ்களுக்காக அயானிக் என்ற எழுத்தை வெளியிட்டது. அதன் வேர் கிளாரண்டனில் இருந்தது. மலிவான காகிதத்தில் வேகமாக ஓடும் சுழல் இயந்திரத்தில் மெல்லிய கோடுகள் உடைந்தன. எழுத்துக்குள் இருக்கும் சிறு துளைகள் மையால் அடைந்தன. கோட்டைச் சீராகத் தடிக்க வைத்து, அடியைக் கட்டையாக்கி, துளைகளை அகலத் திறந்துவிட்டபோது சிறிய அளவிலும் எழுத்து பிழைத்துக்கொண்டது. நல்ல நிலையில் இல்லாத இயந்திரத்தையும், மை உறிஞ்சும் காகிதத்தையும் வைத்து நூல் போடும் எவருக்கும் இது இன்றும் பொருந்தும்.

முதற்படி: எந்தக் கிளை என்று முடிவு செய்தல்

ஸ்லாப் என்ற பெயரில் நான்கு வேறு குணங்கள் உலவுகின்றன. வளைவில்லாத பழைய எஜிப்ஷியன் தலைப்புக்கு மட்டுமே உரியது. கிளாரண்டன் வகை தலைப்பிலும், படத்தின் கீழ்க் குறிப்பிலும், அளவாகப் பயன்படுத்தினால் நூலின் உட்பகுதியிலும் நிற்கும். மூன்றாவது, அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைந்தாற்போன்ற வகை. 1929-இல் வந்த மெம்ஃபிஸ், 1934-இல் மோனோடைப் வெளியிட்ட ராக்வெல் ஆகியவை இதைச் சேர்ந்தவை. இவற்றில் வட்ட எழுத்துகள் எல்லாம் ஒரே வட்டமாகத் தெரிவதால் நீண்ட வாசிப்பில் கண் சலித்துவிடும். நூறு பக்க நூலை இவற்றில் அடுக்குவதை நான் ஒப்பமாட்டேன்.

நூலுக்கு உரியது நான்காவது வகை. பேனா பிடித்து எழுதிய கையின் அசைவை உள்ளே வைத்துக்கொண்டு, முனையில் மட்டும் கட்டையைச் சேர்த்தவை இவை. பீட்டர் மத்தியாஸ் நோர்ட்ஸெய் வடிவமைத்து 1990-இல் வெளிவந்த சிசிலியா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கிண்டில் கருவிகளின் தொடக்க காலத்தில் வாசகர்கள் பக்கம் பக்கமாகப் படித்தது இந்த எழுத்தில்தான். அடோபிக்காகக் கேரல் டூம்ப்ளி வடிவமைத்த சாப்பரல் இன்னும் மென்மையானது. பழைய நூலெழுத்துக்கும் ஸ்லாபுக்கும் இடைப்பட்டது. இதழியல் பக்கங்களுக்கு, 2005-இல் லண்டன் கார்டியன் நாளிதழ் தன் வடிவத்தை மாற்றியபோது பால் பார்ன்ஸும் கிறிஸ்டியன் ஷ்வார்ட்ஸும் செய்துகொடுத்த கார்டியன் எஜிப்ஷியனைப் பார்க்க வேண்டும். தலைப்பு முதல் செய்தி வரை ஒரே குடும்பத்தால் நடத்த முடியும் என்பதற்கு அது சான்று.

விலை கொடுத்து வாங்க இயலாதவர்களுக்குத் திறந்த உரிமத்தில் பிட்டர், ஸில்லா ஸ்லாப், ரோபோட்டோ ஸ்லாப், அலியோ ஆகியவை கிடைக்கின்றன. இவற்றுள் நூலின் உட்பகுதிக்கு நான் முதலில் எடுத்துப் பார்ப்பது பிட்டர். ரோபோட்டோ ஸ்லாப் எனக்குச் சற்று விறைப்பாகப் படுகிறது. அட்டவணைக்கும் குறிப்புக்கும் அதை வைத்துக்கொள்ளலாம்.

தமிழுக்கே ஸ்லாப் வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. தலைப்பில் அதற்குத் தடையில்லை. உட்பகுதியில் வேண்டாம் என்பதே என் கருத்து. காரணம் எழுத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. தமிழில் கோட்டின் முனையில் நடக்கும் சிறு மாற்றமே பல இடங்களில் எழுத்தை வேறுபடுத்துகிறது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இடையில் இருப்பது அடியில் ஒரு சாய்கோடு மட்டுமே. ரகரத்தையும் துணைக்காலையும் பிரிப்பதும் அந்த அடிதான். எல்லா முனையிலும் கட்டையை வைத்துவிட்டால் துணைக்கால் ரகரமாகத் தெரியத் தொடங்கும். ஆகவே தமிழுக்குச் சீரான தடிமன் கொண்ட நூலெழுத்து, ஆங்கிலத்துக்கும் எண்ணுக்கும் ஸ்லாப் என்ற இணையே போதும். தமிழில் நோட்டோ செரிஃப் தமிழ், டிரோ தமிழ் போன்றவற்றை எடுத்து ஒவ்வொன்றையும் ஸ்லாபுடன் வைத்துப் பார்க்கலாம்.

இரண்டாம் படி: மூலத்தைச் சீராக்குதல்

எழுத்துருவைத் தொடுவதற்கு முன் கைப்பிரதி யூனிகோடில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் பகுதியில் இன்னும் பாமினி போன்ற பழைய முறைகளில் தட்டச்சு செய்து கொண்டுவருகிறார்கள். அவற்றில் தமிழ் எழுத்துகள் ரோமன் எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால், ஆங்கிலத்துக்கு மட்டும் ஸ்லாப் என்று கட்டளையிட்டால் தமிழ் முழுவதும் ஸ்லாபாகி, படிக்க முடியாத ரோமன் குவியலாகிவிடும். மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கிய பிறகு, ஸ்ரீ என்ற எழுத்தையும், ஒகர ஓகார உயிர்மெய்களையும், துணைக்காலுக்குப் பதிலாக ரகரம் தட்டப்பட்ட இடங்களையும் தேடித் திருத்த வேண்டும்.

மூன்றாம் படி: காகிதமும் இயந்திரமும்

நூறு இருநூறு படிகள் என்றால் டிஜிட்டல் அச்சு. அதற்கு மேல் போனால் ஆஃப்செட். டிஜிட்டலில் மைப்பொடி காகிதத்தின் மேல் நிற்பதால் கோடு திரையில் கண்டபடியே ஏறக்குறைய வரும். ஆஃப்செட்டில் மேப்லித்தோ, நேச்சுரல் ஷேட் போன்ற பூச்சில்லாத காகிதத்தில் மை பரவிக் கோடு சற்றுத் தடிக்கும். ஆர்ட் பேப்பரில் பரவல் குறைவு. எனவே அச்சு முறையை அறியாமல் எழுத்துருவின் கனத்தை முடிவு செய்வது வீண்வேலை. மேப்லித்தோவில் ரெகுலர் கனமே ஒரு படி கூடித் தெரியும் என்பதால், அங்கே புக் அல்லது லைட் கனத்தை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

நான்காம் படி: இரண்டு எழுத்துகளின் உயரத்தை ஒப்பிடுதல்

இந்த வழிகாட்டியில் அளவுகோலைக் கையில் எடுக்க வேண்டிய இடம் இது. எழுத்துருவில் 11 பாயிண்ட் என்று எழுதியிருப்பது எழுத்தின் உயரமன்று. பழைய ஈய அச்சில் எழுத்தைத் தாங்கிய கட்டையின் உயரம். அந்தக் கட்டைக்குள் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை ஒவ்வொரு வடிவமைப்பாளரும் தம் விருப்பப்படி முடிவு செய்கிறார். ஆகவே 11 பாயிண்ட் தமிழுக்கு அருகில் 11 பாயிண்ட் ஸ்லாபை வைத்தால் ஆங்கிலம் குரலை உயர்த்திப் பேசுவதுபோலத் தெரியும். ஸ்லாப்களில் பலவற்றுக்குச் சிறிய எழுத்தின் உடல் உயரமாக இருப்பதே காரணம்.

இரண்டு எழுத்துருவையும் 100 பாயிண்டில் வைத்து ஒரு தாளில் அச்சிட வேண்டும். தமிழில் பகரத்தின் உயரத்தையும், ஆங்கிலத்தில் மேல்நீட்சி கீழ்நீட்சி இல்லாத சிறிய எழுத்தின் உயரத்தையும், பெரிய எழுத்தின் உயரத்தையும் மில்லிமீட்டரில் அளந்துகொள்ள வேண்டும். நாம் விரும்பும் நிலை, பகரத்தின் தலை ஆங்கிலச் சிறிய எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் இடையில், சிறிய எழுத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு மேலே நிற்பது.

ஓர் எடுத்துக்காட்டு: பகரம் 19 மி.மீ., சிறிய எழுத்து 19 மி.மீ., பெரிய எழுத்து 25 மி.மீ. என்று அளந்ததாக வைத்துக்கொள்வோம். சிறியதற்கும் பெரியதற்கும் வேறுபாடு 6. அதில் மூன்றில் ஒரு பங்கு 2. ஆகவே ஆங்கிலத்தில் நாம் பகரத்துடன் பொருத்த வேண்டிய கோடு 21 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. 19-ஐ 21-ஆல் வகுத்தால் 0.905. தமிழ் 11 பாயிண்ட் என்றால் ஆங்கிலம் 10 பாயிண்ட். பிறகு அதே தாளில் இரண்டின் நேர்க்கோட்டுத் தடிமனையும் அளந்து, ஆங்கில அளவை இதே 0.905-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். தமிழ்க் கோட்டை விட ஆங்கிலக் கோடு இன்னும் தடித்திருந்தால் ஒரு கனம் கீழே இறங்கலாம். பிட்டர், ரோபோட்டோ ஸ்லாப் போன்றவை வேரியபிள் ஃபாண்டாகவும் கிடைப்பதால் ரெகுலருக்கும் லைட்டுக்கும் இடையில் நமக்கு வேண்டிய புள்ளியில் நிறுத்திக்கொள்ளும் வசதியும் உண்டு.

இந்த விகிதத்தை நூல் முழுவதும் தானாகப் பொருத்த வழி இருக்கிறது. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் முதலில் வேர்ல்டு ரெடி கம்போசரை இயக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பிறகு பத்தி நடைக்குள், குறித்த எழுத்துகளைத் தேடித் தானாக நடை பொருத்தும் கிரெப் ஸ்டைல் அமைத்து, ரோமன் எழுத்தும் எண்ணும் வரும் இடங்களுக்கு மட்டும் 10 பாயிண்ட் ஸ்லாபைத் தர வேண்டும். முற்றுப்புள்ளியையும் காற்புள்ளியையும் அந்தக் கட்டளையில் சேர்க்க வேண்டாம். அவை தமிழ் எழுத்துருவிலேயே இருக்கட்டும். முழுப் பத்தியும் ஆங்கிலமாக இருக்கும் இடத்துக்குத் தனிப் பத்தி நடை வைத்துக்கொண்டால் அங்கே நிறுத்தற்குறிகளும் ஸ்லாபிலேயே வரும். வேர்டில் செய்கிறவர்களுக்கு வேலை எளிது: எழுத்துருப் பலகையில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற பகுதியில் தமிழுக்கும், அதற்கு மேலுள்ள பகுதியில் ஆங்கிலத்துக்கும் தனித்தனியே எழுத்துருவும் அளவும் கொடுக்கலாம்.

ஐந்தாம் படி: விலாசம், எண், கணக்குக் குறி

செட்டிநாட்டு நூலுக்கென்றே உள்ள சோதனை இது. வேறெங்கும் அச்சிட்ட வழிகாட்டியில் இதற்கு விடை கிடைக்காது.

நகரத்தார் விலாசத்தில் முன்னெழுத்துகள் நீளும். அவையும் ஓரெழுத்தாக நில்லாமல் ஏஎல்., ஆர்எம்., பிஎல்., சிடி. என்று இரட்டையாக வரும். சில குடும்பங்கள் இரண்டையும் பெரிய எழுத்தில் இடும்; சில குடும்பங்கள் இரண்டாவதைச் சிறிய எழுத்தில் இடும்; எது தங்கள் வழக்கம் என்பதில் வீட்டார் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். வடிவமைப்பாளர் அதை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கை வைக்கக் கூடாது. ஆனால் ஸ்லாபின் பெரிய எழுத்துகள் நான்கைந்து வரிசையாக நின்றால், ஒவ்வோர் எழுத்தின் கட்டையும் அடுத்ததன் கட்டையோடு முட்டி, வரியில் ஒரு கரிய திட்டு விழும். அதற்கு மூன்று சிறு சிகிச்சைகள் போதும். விலாசத்துக்கெனத் தனி எழுத்து நடை ஒன்று அமைத்து அளவைப் பத்தில் ஒரு பங்கு குறைக்கலாம். எழுத்துகளுக்கிடையே இன்டிசைனின் டிராக்கிங் அளவில் 15 முதல் 25 அலகு வரை இடைவெளி கூட்டலாம். புள்ளிக்குப் பின் முழு இடைவெளிக்குப் பதிலாக உடையாத மெல்லிய இடைவெளியை வைக்கலாம். கடைசியாகச் சொன்னதைத் தவிர்த்தால், விலாசம் ஒரு வரியின் முடிவிலும் பெயர் அடுத்த வரியின் தொடக்கத்திலும் போய் விழும். மணிவிழா நாயகரின் பெயருக்கு அப்படி நேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பது இந்தப் பக்கத்தில் அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது எண்கள். தமிழ்ப் பக்கத்தில் ஸ்லாப் அதிகமாகக் கண்ணில் படுவது ஆங்கிலச் சொற்களில் அன்று, ஆண்டிலும் தொகையிலும்தான். ஆகவே எழுத்துருவின் எண்களைத் தனியே ஆராய வேண்டும். ஒன்றுக்கும் ஏழுக்கும், மூன்றுக்கும் எட்டுக்கும் வேறுபாடு 8 பாயிண்டில் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறி இறங்கும் பழைய பாணி எண்கள் ஆங்கிலப் பத்தியில் அழகு. தமிழ் வரியில் அவை கொக்கியும் சுழியும் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் மேலும் ஓர் அலையைக் கூட்டுவதால், சம உயர எண்களையே நான் வைக்கிறேன். தொகை அடுக்கும் பட்டியலில் எல்லா எண்ணும் ஒரே அகலம் கொண்ட டேபுலர் எண்களைத் தேர்ந்தால்தான் 1,25,000-க்குக் கீழே 98,500 நேராக நிற்கும். ரூபாய்க் குறியையும் மறக்கக் கூடாது. ₹ குறி 2010-இல்தான் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முன் வெளிவந்து பின்னர் திருத்தப்படாத எழுத்துருவில் அது இராது. அப்போது கணினி வேறோர் எழுத்துருவிலிருந்து அதைக் கடன் வாங்கிச் செருகும். திரையில் தெரியாத அந்த ஒட்டு அச்சில் தெரியும்.

பழைய பேரேட்டுப் பக்கங்களை எழுத்தாக்கி நூலில் சேர்ப்பவர்களுக்கு வேலை இன்னும் நுட்பமானது. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று தமிழ்க் குறிகள் யூனிகோடில் இருக்கின்றன. ஆயினும் எல்லாத் தமிழ் எழுத்துருவிலும் இவை வரையப்பட்டிருக்கவில்லை. முந்திரி எனப்படும் 1/320, காணி எனப்படும் 1/80, மா எனப்படும் 1/20 ஆகிய பின்னக் குறிகள் 2019-இல் தனித் தொகுதியாக யூனிகோடில் சேர்க்கப்பட்டன. அவற்றுக்கு நோட்டோ வரிசையில் தமிழ்ப் பின்னிணைப்புக்கான எழுத்துரு தனியே உண்டு. அந்தக் குறிகள் ஒரே தடிமனில் வரையப்பட்டிருப்பதால் ஸ்லாப் எண்களோடு நன்றாக ஒத்துப்போகின்றன. டைம்ஸ் எண்களோடு வைத்துப் பார்த்தால் வேறு ஏட்டிலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும்.

தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆய்வு முறைப்படி எழுதும் நூலாக இருந்தால், நெடிலுக்கு மேற்கோடும், ணகர ளகரங்களுக்குக் கீழ்ப்புள்ளியும், ழகர றகர னகரங்களுக்குக் கீழ்க்கோடும் இட்ட ரோமன் எழுத்துகள் ஸ்லாபில் இருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த எழுத்துருவை விட்டுவிட வேண்டியதுதான்.

ஆறாம் படி: சோதனைப் பக்கம்

மேலே சொன்ன அனைத்தையும் ஒரே பக்கத்தில் கொண்டுவந்து பார்ப்பதே சோதனைப் பக்கம். நான் வைத்திருக்கும் பக்கத்தில் இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது நகரக் கோயில்களின் பெயர்களும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. தமிழில் றகரம், ணகரம், ளை எல்லாம் வந்துவிடும். ஆங்கிலத்தில் கீழ்நீட்சி கொண்ட எழுத்துகள் நெருக்கமாக வரும். அதோடு ஒரு விலாச வரிசை, நான்கு வரிக் கணக்கு, ஆங்கிலப் பத்தி ஒன்று, 8 பாயிண்டில் ஒரு படக்குறிப்பு. போட்டியில் இருக்கும் மூன்று ஸ்லாப்களிலும் இதே பக்கத்தை, நூல் அச்சாகப் போகும் காகிதத்திலேயே அச்சிட்டு, வீட்டின் நடு முற்றமான வளவில் பகல் வெளிச்சத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். எந்த இடம் கறுத்துத் திட்டாகத் தெரிகிறதோ அங்கே பொருத்தம் இல்லை. குழல்விளக்கின் கீழ் இதைச் செய்ய வேண்டாம்.

பழைய நூல்கள் இதை எப்படித் தீர்த்தன என்று பார்ப்பதும் நல்ல பயிற்சி. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் கலைஞராக இருந்த ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் சேர்த்த நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும்தாம், 1994 முதல் சென்னையில் அவர் பெயரிலேயே இயங்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படை. எழுத்தை வரைந்து பிழைத்த ஒருவரின் கண் தேர்ந்து சேர்த்த தொகுப்பு என்பதால், நம்மைப் போன்றவர்கள் அதைப் படிப்பதற்கு மட்டுமன்றிப் பார்ப்பதற்கும் போகலாம். உள்ளூரிலேயே வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தொங்கும் எனாமல் தகடுகளில், தடித்த ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் தமிழை எப்படிச் சமன் செய்திருக்கிறார்கள் என்று ஒரு மாலை நேரம் செலவிட்டுப் பார்க்கலாம். விலை கேட்காமல் வெளியே வருவது மட்டும் கடினம்.

ஏழாம் படி: பக்கத்தை அடுக்குதல்

டெம்மி 1/8 அளவை எடுத்துக்கொள்வோம்: 140 மி.மீ. அகலம், 215 மி.மீ. உயரம். உள்ளும் வெளியும் 20 மி.மீ. விட்டால் வரியின் அகலம் 100 மி.மீ. தமிழ் 11 பாயிண்டுக்கு வரியிடைவெளி 15 பாயிண்ட் தர வேண்டும். மேலே இகர ஈகாரக் கொக்கிகளும் கீழே உகர ஊகாரச் சுழிகளும் இருப்பதால் ஆங்கில நூலுக்குரிய 13 நமக்குப் போதாது. 32 வரிகள் என்றால் 480 பாயிண்ட், அதாவது ஏறக்குறைய 169 மி.மீ. எஞ்சிய 46-இல் மேலே 20, கீழே 26 வைத்துப் பக்க எண்ணைக் கீழே இடலாம். ஆங்கிலப் பத்திக்கும் அதே 15 பாயிண்ட் இடைவெளியே இருக்கட்டும். ஸ்லாபின் கட்டைகள் வரியைக் கிடைமட்டமாக இழுத்துப் பிடிப்பதால் அந்த அகன்ற இடைவெளியிலும் கண் வழி தவறாது. இரு மொழி வரிகளும் காகிதத்தின் இரு பக்கத்திலும் ஒன்றன் பின் ஒன்று சரியாக விழும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் இருபுறமும் சமன் செய்த பத்தியில் வெள்ளை ஓட்டைகள் விழும். சொல்லை உடைக்க அனுமதிக்க வேண்டும். பழைய தமிழ் நூல்கள் வரி முடிவில் இணைப்புக்கோடு இல்லாமலேயே சொல்லை உடைத்தன. அதையே நானும் பின்பற்றுகிறேன். புள்ளி வைத்த மெய்யில் வரி தொடங்கக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் காத்தால் போதும். ஆங்கிலச் சொல்லுக்கு இணைப்புக்கோடு கட்டாயம்.

அழுத்தம் தருவதற்குத் தமிழைச் சாய்க்க வேண்டாம். கணினி தானாகச் சாய்க்கும் தமிழ், காற்றில் சரிந்த பந்தல்போல் இருக்கும். ஆங்கிலத்தில் நூற்பெயருக்கும் கப்பற்பெயருக்கும் சாய்வெழுத்து தேவைப்படும் என்பதால், தேர்ந்த ஸ்லாபில் உண்மையான இத்தாலிக் இருக்கிறதா என்று முன்பே பார்க்க வேண்டும். ரோபோட்டோ ஸ்லாபை உட்பகுதிக்கு நான் தயங்குவதற்கு அதில் இத்தாலிக் இல்லாததும் ஒரு காரணம். தடித்த எழுத்தைத் தலைப்புக்கு வெளியே பயன்படுத்தினால் ணகரத்தின் சுழியும் ஏகாரக் கொம்பின் சுழியும் மையில் அடைபடும்.

இயல் தலைப்பில் ஸ்லாபின் முழுக் குரலையும் கேட்கலாம். அங்கே கிளாரண்டன் வகையைத் தடித்து வைத்தாலும் பொருந்தும். ஆத்தங்குடி ஓட்டின் பூவேலையைப் பக்க அலங்காரமாகச் சுற்றிலும் இடும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. ஸ்லாப் தலைப்புக்கு அருகில் அது வேண்டாம். இரண்டும் கனமானவை, ஒன்றையொன்று மூச்சு முட்டச் செய்யும்.

எட்டாம் படி: மெய்ப்பும் முதல் ஃபாரமும்

பி.டி.எஃப். எடுக்கும்போது எல்லா எழுத்துருவும் உள்ளடக்கப்பட்டிருக்கிறதா என்று ஆவணப் பண்புகளில் பார்த்து, பட்டியலில் நாம் தேர்ந்தவை தவிர வேறு பெயர் இருந்தால் அது எந்தப் பக்கத்தில் நுழைந்தது என்று தேட வேண்டும். பெரும்பாலும் ஒரு ₹ குறியோ மேற்கோள் குறியோதான் குற்றவாளி. கறுப்பு எழுத்து நான்கு நிறக் கலவையாக இல்லாமல் தனிக் கறுப்பாக இருக்கிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும். கலவையாகிப் பிளேட் சற்றே விலகினால் ஸ்லாபின் வெட்டு முனையில் நிற நிழல் விழும்.

அச்சகத்தில் முதல் ஃபாரம், அதாவது முதல் 16 பக்கம், இயந்திரத்திலிருந்து வரும்போது அருகில் இருக்க வேண்டும். தாளை மடித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முன்பக்க வரிகளின் மேல் பின்பக்க வரிகள் உட்கார வேண்டும். ஆங்கிலச் சிறிய எழுத்துகளின் துளைகளும் தமிழ்ச் சுழிகளும் திறந்திருக்கின்றனவா என்று உருப்பெருக்கியால் பார்த்து, அடைந்திருந்தால் மையைக் குறைக்கச் சொல்லி அடுத்த தாளை வாங்க வேண்டும். இரண்டு மொழியும் ஒரே கறுப்பில் வந்த தாளில் தேதியிட்டுக் கையொப்பம் போட்டு இயந்திரக்காரரிடம் கொடுத்தால், மீதி ஃபாரங்களுக்கு அவர் அதையே அளவாக வைத்துக்கொள்வார்.